பொந்துக்கு எதிரே ஒரு கூடாரம்

"எல்லாரும் போயிட்டாங்க டீச்சர். இப்ப அந்தப் பறவையும் என்கிட்ட வரமாட்டேங்குது."

திருமேனி இதைச் சொன்னபோது ரெபேக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவனைவிடப் பத்து வயது இளையவள். காட்டுயிர்ப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் அவன் அவளை டீச்சர் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

அதற்கு முன் அவன் கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்தவன். அங்கே கேமராவைத் திருப்பினால் போதும், நாலு பேர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பார்கள். காடு அப்படி யாருக்கும் சிரித்துக் காட்டுவதில்லை.

மலைச்சரிவில் கல்குவாரி வரப்போகிறது என்று தெரிந்து அவன் படம் எடுக்கக் கிளம்பியபோது கூடவே ஒரு கூட்டம் வந்தது. பேனர் பிடித்தார்கள், கோஷம் போட்டார்கள். குவாரிக்கு எதிராகப் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போனதும், கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக ஒவ்வொருவரும் நழுவினார்கள். இப்போது அவன் போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை.

அந்தச் சரிவில் எந்தப் பறவையும் கூடு வைப்பதில்லை என்று குவாரிக்காரர்கள் சாதித்தார்கள். விசாரணை நெருங்கிவிட்டது. இருக்கிறது என்று காட்ட ஒரே ஒரு காட்சி வேண்டும். இல்லாவிட்டால் சரிவு போய்விடும்.

கூடு இருந்தது. பெண் இருவாச்சிப் பறவை ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு அடைகாத்தது. அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும் மிச்சம். ஆண் வந்து ஊட்டினால்தான் அதற்குச் சாப்பாடு. ஆணோ, ஒளிந்திருந்து படம் எடுக்கப் பொந்துக்கு எதிரே போட்ட கூடாரத்துக்குள் திருமேனி நுழைவதைப் பார்த்துவிட்டால் தூரத்து மரத்திலேயே தயங்கி நின்றுவிடும்.

"தனியாத்தான் போறீங்களா?" என்று கேட்டாள் ரெபேக்கா.

"கூட வர யாரு இருக்கா?"

"நாளைக்கு நான் வரேன்."

அவன் முகம் மலர்ந்தது.

"விட்டுட்டுப் போறதுக்குத்தான் வரேன்," என்றாள்.

இரண்டு பேர் உள்ளே போய் ஒருவர் வெளியே வந்தால், கூடாரம் காலி என்று பறவை நம்பிவிடும், அதற்கு எண்ணத் தெரியாது என்று விளக்கினாள். இவ்வளவுதானா என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

விடிந்ததும் இருவரும் கூடாரத்துக்குள் போனார்கள். சற்று நேரத்தில் ரெபேக்கா மட்டும் வெளியே வந்து, வேண்டுமென்றே இருமிக்கொண்டு, சருகை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனாள். காலடிச் சத்தம் தேய்ந்தது. பறவையை ஏமாற்றத்தான் போகிறாள் என்று தெரிந்தும் அவனுக்கு அழுகை வந்தது.

பிறகு இறக்கைச் சத்தம் கேட்டது.

ஆண் நேராகப் பொந்தின் வாசலில் வந்து உட்கார்ந்தது. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியது. கீறலிலிருந்து ஓர் அலகு வந்து வாங்கிக்கொண்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

ஆண் பறந்து போனதும் திருமேனி மூச்சிரைக்கக் கீழே ஓடி வந்து காட்சியைக் காட்டினான். ரெபேக்கா முழுவதும் பார்த்தாள். இனி விசாரணையில் யாரும் மறுக்க முடியாது, வேலை முடிந்தது என்றாள். நாம் அங்கே நிற்கும் நேரமெல்லாம் உள்ளே ஒருத்தி பட்டினி, இன்றைக்கே கூடாரத்தைப் பிரித்துவிடலாம் என்றும் சொன்னாள்.

"நாளைக்கு மட்டும் போயிட்டு வரேன் டீச்சர்."

"இன்னும் என்ன எடுக்கணும்?"

"ஒண்ணும் எடுக்க வேண்டாம். கேமராவைக்கூடக் கொண்டு போகல. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"எதுக்குண்ணே?"

"எல்லாரும் விட்டுட்டுப் போனப்புறம் என்னைத் தேடி வந்தது அது ஒண்ணுதான்," என்றான்.

அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நீங்களும் போயிட்டீங்கன்னு நம்பித்தாண்ணே அது வந்துச்சு."