பசித்தவன் போட்ட ஒற்றை நட்சத்திரம்

குருவைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் கொண்டு போவார்கள், பூ கொண்டு போவார்கள். பூதலிங்கம் அண்ணாச்சி செல்போனை நீட்டிக்கொண்டு போனார். அதுவும் ஒரு கால் செருப்பைக் கழற்ற மறந்து போய்.

"சாமி, இதைப் பாருங்க. பாத்துட்டு ஒரு நியாயம் சொல்லுங்க."

பாளையங்கோட்டை வாய்க்கால் ஓரத்து மடத்தில் இருந்த அந்தக் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதனால் ஊரில் இளையசாமி என்றே பேர். அண்ணாச்சிக்கோ அறுபது நெருங்குகிறது. இருந்தாலும் வியாழக்கிழமை தவறாமல் வந்து தரையில் உட்கார்ந்து பாடம் கேட்பார். கேட்பார் என்றா சொன்னேன்? பாதி நேரம் கேட்பார், மீதி நேரம் போனைப் பார்ப்பார்.

"என்னது அண்ணாச்சி?"

"ஒத்த நட்சத்திரம்! என் மெஸ்ஸுக்கு எவனோ ஒரு படுபாவி ஒத்த நட்சத்திரம் போட்டிருக்கான். ஊரெல்லாம் அஞ்சு போடுது, இவன் ஒண்ணு போடுதான். முன்னால அந்தச் சாப்பாட்டு ஆப்பைத் தொறந்தா என் கடைதான் மொதல்ல வரும். இப்ப பரோட்டாக் கடை, ஐஸ்கிரீம் கடை எல்லாத்தையும் தள்ளித் தள்ளிப் பாத்தாத்தான் அடியில எங்கயோ கிடக்கு."

"காரணம் எழுதியிருக்காரா?"

அண்ணாச்சி வாசித்துக் காட்டினார். "ரசம் கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை."

வாசித்த வேகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"பேரைப் பாருங்க, பசித்தவனாம்! சொந்தப் பேரைப் போடத் தைரியமில்லாத பய. என் கடையில எவன் சாமி பசியோட எந்திரிச்சுப் போயிருக்கான்?"

இளையசாமி செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் அண்ணாச்சி. "என் தங்கச்சி மாப்பிள்ளை கோமதிநாயகம்தான்."

"எப்படித் தெரியும்?"

"எதுத்த தெருவுல அவரும் சாப்பாட்டுக் கடை போட்டிருக்காருல்லா? போன வியாழக்கிழமை மத்தியானம் என் தங்கச்சி உலகம்மா அவ மக கல்யாணப் பத்திரிகையைக் கொண்டாந்து, தட்டோட கல்லாவுல வெச்சிட்டுப் போயிட்டா. கூடப்பொறந்தவன் முகத்தைப் பாத்து 'வாங்கண்ணே'ன்னு ஒரு வார்த்தை இல்ல. அக்கம்பக்கத்துக் கடைக்காரனுக்குக்கூட அப்படி வைக்க மாட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பாத்தா இந்த நட்சத்திரம்! புருஷன் செய்யப்போற வேலை தெரிஞ்சுதான் அவளுக்கு என் மூஞ்சியில முழிக்க முடியல. கணக்கு சரியா இருக்கா, இல்லையா?"

"கல்யாணம் எப்போ?"

"நாளை மறுநாள். நான் போகப்போறதில்ல. தாய்மாமன் மாலை போடாம அந்தப் புள்ள எப்படி மணமேடை ஏறுதுன்னு பாக்கேன்."

தண்ணீர்ச் செம்பு நின்றது.

"கல்யாணி நீங்க தோள்ல போட்டு வளத்த பிள்ளையில்லா அண்ணாச்சி?"

"அதான் சாமி வயிறு எரியுது!" என்றார் அண்ணாச்சி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு போனையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

இளையசாமி செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"வாங்க, உங்க கடைக்குப் போவோம். சாப்பாட்டு நேரம் ஆச்சு."

"என் கேள்விக்குப் பதில்?"

"சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்."

இந்தச் சாமியார்களிடம் இதுதான் தொல்லை. ஒரு நேரான கேள்விக்கு நேரான பதில் வராது. அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நடந்தார்.

பூதலிங்கம் மெஸ்ஸில் பந்தி நிறைந்திருந்தது. கல்லா மேசைமேல் ஆர்டர் வருகிற தொடுதிரை டேப் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ சோபாவில் படுத்தபடி விரலால் தட்டினால் போதும், இங்கே அது டொய்ங் என்று கத்தும். கத்தின உடனே யாராவது அதைத் தொட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும் என்று அண்ணாச்சிக்கு ஒரு பயம். அதனால் கடையில் ஒரு சட்டம் போட்டிருந்தார். டொய்ங் என்று கேட்டால் கையில் இருப்பதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஓட வேண்டும்.

அண்ணாச்சி வழக்கம்போலக் கல்லாவுக்குப் போகப் பார்த்தார். இளையசாமி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இலையில உக்காருங்க."

"என் கடையிலயா? நானா?"

"ஏன், உங்களுக்குப் பசிக்கலையா?"

சீடர் என்ன செய்வார்? ஜன்னலோர வரிசையில் போய் உட்கார்ந்தார். இலை விழுந்தது, சோறு வந்தது. பரிமாறுகிற சங்கரபாண்டி முதலாளியை இலைமுன்னால் கண்டு ஒரு கணம் திகைத்து, கூடுதலாகவே சாம்பார் ஊற்றினான். சாம்பார் முடிந்தது. அண்ணாச்சி மறுசோற்றின் நடுவில் விரலால் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தார்.

சங்கரபாண்டி ரச வாளியோடு வந்தான். அண்ணாச்சிக்கு முன்னால் இரண்டு இலைதான் பாக்கி.

டொய்ங்.

வாளியைத் தரையில் வைத்துவிட்டு ஓடினான்.

திரும்பி வந்தான், வாளியைத் தூக்கினான், கரண்டியை முக்கினான்.

டொய்ங்.

மறுபடியும் ஓட்டம். கரண்டி வாளிக்குள்ளேயே கிடந்தது. மற்றப் பிள்ளைகளும் பொட்டலம் கட்ட உள்ளே போய்விட்டார்கள்.

"ஏய், ரசம்!" என்றார் அண்ணாச்சி.

ஒருவரும் திரும்பவில்லை.

"ரசம்ப்பா!"

அவர் கை காய்ந்து, சோறு விரலோடு ஒட்டிக்கொண்டது. தன் வீட்டு வாசலில் தன்னையே நிற்க வைத்தது மாதிரி அவருக்கு முகம் சுட்டது.

பக்கத்து இலையில் இருந்த கண்ணாடிக்காரர் இரக்கத்தோடு குனிந்தார். "கடைக்குப் புதுசா? ரசத்துக்குக் கத்தாதீய. மோர் ஜாடி அந்தா இருக்கு, நாமளே எடுத்து ஊத்திக்கிட வேண்டியதுதான். நான் மாசக்கணக்கா அப்படித்தான் சாப்பிடுதேன்."

"முதலாளிகிட்ட சொல்ல வேண்டியதுதானய்யா?"

"எந்த முதலாளி? கல்லாவுல இருப்பாரே, அவரா? அவரு உச்சந்தலையைத்தான் நான் பாத்திருக்கேன். முகம் எப்படி இருக்கும்னு இன்னிக்கும் தெரியாது."

அண்ணாச்சி இலையை விட்டு எழுந்தே விட்டார். எச்சில் கையை நீட்டிக் கத்தினார்.

"லேய் சங்கரபாண்டி! இலையில ஆளு உக்காந்திருக்கேன், வாளியை வெச்சிட்டு ஓடுதியே, உனக்கு அறிவிருக்கா?"

சங்கரபாண்டி டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"நீங்கதான முதலாளி சொன்னீய? சத்தம் கேட்டா அந்த நெல்லையப்பரே வந்து உக்காந்திருந்தாலும் விட்டுட்டு ஓடணும்னு?"

கண்ணாடிக்காரர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இளையசாமி தரையில் இருந்த வாளியை எடுத்துவந்தார். அண்ணாச்சியைத் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். குழியில் ரசம் ஊற்றினார்.

"போன வியாழக்கிழமை நான் இதே எடத்துலதான் உக்காந்திருந்தேன், அண்ணாச்சி."

அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"சாமி..."

"ஆடி மாசம் எனக்கு ஒரு போன் வாங்கித் தந்தீயளே. கூடவே உக்காந்து இந்த ஆப்பை ஏத்தி, நட்சத்திரம் எப்படிப் போடணும்னு சொல்லியும் குடுத்தீய."

"அஞ்சு போடுவீயன்னு நெனச்சுல்லா சாமி குடுத்தேன்!"

"எழுதுறதுக்கு முன்னால பேரு கேட்டுச்சு. அப்ப நான் என்னவா இருந்தேனோ அதைப் போட்டேன்."

அண்ணாச்சிக்குக் கோபம்தான் வந்தது. குருவாவது ஒன்றாவது!

"எங்கிட்ட ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாமே? ஒரு வாரமா நான் படுற பாடு! சோறு இறங்கலை, தூக்கம் இல்ல, தங்கச்சி வீட்டு உறவையே அறுக்கப் பாத்தேனே!"

"கல்லாவுக்கு வந்து நின்னு சொன்னேனே. மூணு தடவை சொன்னேன். நீங்க அந்த டேப்பைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டுனீய. சரி, இவரு எங்க பாக்குறாரோ அங்க எழுதுவோம்னு எழுதுனேன்."

அண்ணாச்சி தலையை ஆட்டியது அவருக்கே மங்கலாக ஞாபகம் வந்தது. யாருக்கு ஆட்டினோம், எதற்கு ஆட்டினோம் என்பதுதான் வரவில்லை. கல்லாவின் ஓரத்தைப் பார்த்தார். உலகம்மா வைத்துவிட்டுப் போன தாம்பாளம் அங்கேயே இருந்தது. பத்திரிகைமேல் வெற்றிலை சருகாகிக் கிடந்தது. பக்கத்தில் டேப் டொய்ங் என்றது. அவர் பார்வை தாம்பாளத்தை விட்டு நகரவில்லை.

"அப்போ உலகம்மா..." என்றார். "நீங்கதான இருந்தீய. அவ ஏன் சாமி என்னைய ஒரு வார்த்தை கூப்பிடாம போனா?"

இளையசாமி வாளியைக் கீழே வைத்தார்.

"கூப்பிட்டா. தட்டைக் கையில ஏந்திக்கிட்டு, கல்லாவுக்கு எதுத்தாப்ல நின்னு, 'அண்ணே, அண்ணே'ன்னா. என் இலையில இருந்த எல்லாச் சோறும் காயுற வரைக்கும் நின்னா. நானாவது ஒத்த நட்சத்திரம் போட்டேன், அண்ணாச்சி. உங்க தங்கச்சி அதுகூடப் போடல."