ஆறு கோரா, எட்டு கோரா?

"டீச்சர், வீட்டுக்குப் பாகம் பாகமா வாங்கி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும். எந்த ப்ராசஸர் வாங்கறதுன்னு தெரியல," என்றார் தணிகாசலம்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். சேலத்தில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். முன்பு ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுத்தவள். வயது முப்பத்தொன்றுதான். ஆனாலும் கடைக்கு வரும் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு. வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது தொழில்.

"எதுக்கு?" என்று கேட்டாள்.

"பிளான் வரையத்தான். பழைய கம்ப்யூட்டர் ஒரு பிளானைத் திறக்கறதுக்குள்ள நான் போய் டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. வேலையை ஆறாகப் பிரித்துச் செய்யும் ஆறு கோர் ப்ராசஸர் போட்ட ஒரு கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்காரவைத்தாள். அவருடைய பென் டிரைவை வாங்கிச் செருகினாள். மூன்று மாடி வீடு ஒன்றின் பிளான் சட்டென்று திறந்தது.

அவர் ஒரு சுவரை நகர்த்திப் பார்த்தார். மாடிப்படியைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயாவது நிக்குதா?"

"இல்லீங்க."

"இது போதும்," என்றாள் ஜெசிந்தா.

அவர் அதன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.

*

அடுத்த திங்கட்கிழமை சீட்டில் வேறு பெயர் இருந்தது.

"எட்டு கோர் இருக்கணும்னு என் தம்பி சொல்றான், டீச்சர். ஆறு பத்தாதாம்."

ஜெசிந்தா எட்டு கோர் போட்ட ஒன்றை எடுத்து வைத்தாள். அதே பிளானைத் திறந்தாள்.

"வித்தியாசம் தெரியுதா?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுந்து நின்றும் பார்த்தார்.

"தெரியலையே. தெரியணுமா?"

"எனக்கும் தெரியல," என்றாள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே படியிறங்கினார்.

*

மூன்றாவது வாரம் இன்னொரு சீட்டு.

"கோர் எத்தனைங்கறது முக்கியமில்லையாம். வேகம்தான் முக்கியமாம். கம்பெனியையே மாத்தச் சொல்றான்."

"போன வாரம் கோர்தான் முக்கியம்னார்."

"ஆமா. அதைக் கேட்டேன். 'யோசிச்சுப் பார்த்தேண்ணா'ங்கறான்."

அந்தக் கம்பெனி ப்ராசஸரும் கடையில் இருந்தது. அதிலும் பிளான் திறந்தது. சுவர் நகர்ந்தது. படி திரும்பியது.

தணிகாசலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது நல்லதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

ஜெசிந்தா பென் டிரைவை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

*

நான்காவது வாரம் அவர் சீட்டு இல்லாமல் வந்தார். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"புது மாடல் வரப்போகுதாம். ரெண்டு மாசம் பொறுக்கச் சொல்றான்."

அவள் பழுதான ஒரு லேப்டாப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேபினட் வாங்கியாச்சு. மானிட்டர் வாங்கியாச்சு. ப்ராசஸர் எதுன்னு முடிவாகாம அதை மாட்டற மதர்போர்டை வாங்க முடியாது. எல்லாம் அட்டைப்பெட்டியோட ஹால்ல கிடக்கு. பிளானுக்குக் காத்திருந்த ஒருத்தர் வேற ஆளைப் பார்த்துப் போயிட்டார். எனக்குக் கிறுக்குப் பிடிச்சுடும் போல இருக்கு, டீச்சர். இவன் தெரிஞ்சுதான் சொல்றானா?"

"தம்பி என்ன வேலை பாக்கறார்?"

"ஓசூர்ல ஒரு கம்பெனி. அங்க இருக்கறவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்து வாங்கிப் போடறதே அவன் வேலைதான். வருஷத்துக்கு ஐநூறு வாங்குவான்னு கேள்வி."

"அந்த ஐநூறுக்கும் இப்படித்தான் வாரா வாரம் மாத்துவாரா?"



"மாட்டான்," என்றார் தணிகாசலம். "அவன் எதையும் ஒரு தடவைதான் சொல்லுவான். சின்ன வயசுலேர்ந்தே அப்படி."

"நான் முதல் நாளே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவர்கிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

"அவனுக்குத் தெரியுமேன்னு…"

"நான் சொன்னதுல சந்தேகமா?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்ப எதுக்கு?"

அவர் யோசித்தார்.

"தெரியலீங்க. அந்தச் சீட்டு கையில இருந்துச்சு. கை பாட்டுக்கு அவன் நம்பரைத் தட்டிடுச்சு."

"எப்பவும் எந்தக் கிழமை பேசுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"ப்ராசஸருக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை என்ன பேசுவீங்க?"

"பேசினதில்ல."

ஜெசிந்தாவின் கை நின்றது.

"ஏழு வருஷம் ஆச்சு," என்றார் அவர். "நான் பார்த்து வச்ச பொண்ணை வேண்டாம்னுட்டான். அவனுக்குப் பிடிச்ச பொண்ணைக் கட்டிக்கிட்டான். வீடு தேடி வந்து பத்திரிகை வச்சான். நான் அதைத் தொடக்கூட இல்ல. கல்யாணத்துக்கும் போகல. அதோட சரி. நம்பரை மட்டும் அழிக்கல."

"ஏழு வருஷம் கழிச்சுப் பேசும்போது என்ன கேட்டீங்க?"

"எந்த ப்ராசஸர் வாங்கலாம்னு கேட்டேன்."

"அவர்?"

"எட்டு கோர்னான்."

அவள் எழுந்தாள். அலமாரியிலிருந்து மூன்று ப்ராசஸர் பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மூணும் உங்க வேலையைச் செய்யும். ஒண்ணை எடுங்க."

"எது?"

"பேரைப் பார்க்காதீங்க."

அவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார்.

"இப்ப தம்பிக்குப் போன் போட்டு வாங்கியாச்சுன்னு சொல்லுங்க."

"இன்னிக்குத் திங்கக்கிழமை ஆச்சே."

"போடுங்க, சார்."

அவர் போனை எடுத்தார். விரல் பெயருக்குமேல் நின்றுவிட்டது.

"வாங்கியாச்சுன்னு சொல்லிட்டா…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "அப்புறம் நான் என்ன பேசறது, டீச்சர்?"

ஜெசிந்தா லேப்டாப்பின் பக்கம் திரும்பியிருந்தாள்.

அவர் தட்டினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான் தம்பி குகநாதன்.

"அண்ணா? என்னாச்சு? உடம்பு ஏதும்…"

"ஒண்ணுமில்லடா. ப்ராசஸர் வாங்கிட்டேன்."



"ஓ," என்றான் குகநாதன். "எதுண்ணா?"

தணிகாசலம் பெட்டியைப் பார்த்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நல்லதுதான். அதுவே போதும்."

"சரிடா."

"சரிண்ணா."

இரண்டு பேரும் வைக்கவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணா," என்றான் குகநாதன்.

"சொல்லு."

"மதர்போர்டு எது போடப் போறீங்க?"

தணிகாசலம் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் அலமாரி முழுக்க மதர்போர்டுகள்தான். அவள் தலையைத் தூக்கவில்லை.

"தெரியலடா," என்றார். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கே வந்துடட்டுமா?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

"யாருப்பா போன்ல?" என்று தூரத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

தம்பிக்கு ஒரு பெண் குழந்தை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். குரலை அவர் இப்போதுதான் கேட்கிறார்.

"பெரியப்பா," என்றான் குகநாதன், போனிலிருந்து முகத்தைத் திருப்பி. "நம்ம வீட்டுக்கு வர்றாராம். ஓடு, அம்மாகிட்ட சொல்லு."