பேயின் போர்வையில் சலவைக்குறி

பேய் நடமாட்டம் என்ற பேச்சுக்கே கூட்டம் சேரும் ஏற்காட்டுப் பழைய பங்களா ஓட்டல் அது. காலைப் பனியில் வெள்ளைப் பேயைக் கண்டு ஒரு விருந்தாளியம்மா மயங்கியே விழுந்துவிட்டார்.

பழி தன்மேல் வருமுன் முதலாளி பரந்தாமன் சலவைக்காரி குருவம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"போர்வையெல்லாம் உன்கிட்டதானே இருக்கு? நீதான்டி பேய்! இல்லேன்னா பேயைக் கொண்டாந்து நிறுத்து. முடியலேன்னா வேலையை விட்டுப் போ!"

"நிறுத்தறேன் மொதலாளி. ஓடின பேய் வேலிமுள்ளுல போர்வையை விட்டுட்டுப் போயிருக்கு."

விரித்துக் காட்டினாள். ஓரத்தில், துவைத்தாலும் அழியாத சேங்கொட்டை மையில் மூன்று புள்ளி.

"துணி மாறாம இருக்க ஆளுக்கு ஆள் நான் வேற வேற குறி போடுவேன். ஓட்டல் துணிக்கு ஒரே புள்ளி."

"அப்போ இது யாரோடது?" விருந்தாளியம்மா அலறினார்.

"மொதலாளி, உங்க சட்டைக் காலரைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

அவ்வளவு நேரம் கத்திய மனுஷன் இரண்டு கையாலும் காலரைப் பொத்திக்கொண்டார்.