காதுக்குள் இருந்தவன்

சிக். சிக். சிக். சிக்.

சின்னச் சத்தம். பல்லி கத்துகிற மாதிரி. ஆனால் எந்தப் பல்லியும் இவ்வளவு ஒழுங்காகக் கத்தாது.

அப்புறம்தான் கித்தார் வந்தது. அதன் பின்னால் ஒரு ஆணின் குரல் வந்தது. இரண்டும் வந்த பிறகும் அந்தச் சத்தம் போகவில்லை. பாய்க்கு அடியில் ஓடுகிற எறும்பு மாதிரி, பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க," என்றார் ஜெசிந்தா டீச்சர்.

மதியழகன் செல்போனை நிறுத்தினான்.

"இதுதான் டீச்சர் என் குறை. எல்லாத்தையும் கழிச்சுட்டேன். இது மட்டும் போக மாட்டேங்குது."

டீச்சர் பின்வாசலில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நத்தம் போகிற சாலையில், சிமென்ட் ஷீட் போட்ட வீடு. சுற்றிலும் புளியமரம். தொண்டை கெட்டுப்போன பாடகர்கள் எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து அந்த வீட்டுக்கு வருவார்கள்.

மதியைவிட அவருக்கு வயது குறைவு. முதல் தடவை வந்தபோது டீச்சர் என்று கூப்பிட அவனுக்கு நாக்கு கூசியது. மேடை மேடையாகக் கத்திக் கிழிந்துபோன குரலை அவர் ஒட்டுப்போட்டுக் கொடுத்த பிறகு, கூச்சம் தானாகப் போய்விட்டது.

மதி ராக் பாடகன். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவன். அவன் மேடை ஏறினால் கல்லூரி மைதானங்களில் புழுதி கிளம்பும். இப்போது தலையில் நரை ஏறிவிட்டது. புதிதாக ஒரு ஆல்பம் செய்திருந்தான். பெயர், வெறுங்குரல்.

"எதையெல்லாம் கழிச்சீங்க?" என்றார் டீச்சர்.

"எலெக்ட்ரிக் கித்தார் இல்லை. பேஸ் இல்லை. கீபோர்டு இல்லை. டிரம்ஸ் இல்லை. பின்னால பாடுற பொண்ணுங்க இல்லை. ஒரு மரக் கித்தார், நான். அவ்வளவுதான்."

"இவ்வளவு சுத்தமா எனக்குப் புளிகூட வராது."

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர்."

"சரி, பண்ணலை. அங்க இருக்கிறது யாரு?"

"எங்க?"

"உங்க பாட்டுக்குள்ள. சிக்கு சிக்குன்னு."

"யாருமில்லை. அது வெறும் சத்தம்."

"யாரோ போட்டாத்தானே சத்தம்?"

மதி தலையைச் சொறிந்தான். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாடும்போது காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான். அதற்குள் ஓடியது வெளியே கசிந்து மைக்கில் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு டி.வி. சுவர் தாண்டிக் கேட்பது மாதிரி. ரெக்கார்டிங் எஞ்சினியர் என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் கையை விரித்துவிட்டார். அதைத் தனியாக எடுக்க முடியாது, எடுத்தால் உன் குரலும் பாதி போய்விடும், முழுசும் திரும்பப் பாடு, இல்லையென்றால் குப்பையில் போடு என்றார்.

"திரும்பப் பாட வேண்டியதுதானே? ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டுப் பாடுங்க. இதைக் கேக்கவா பாட்டுக்காரர் மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?"

"பாடிப் பார்த்தேன். முடியலை."

"தொண்டையா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. பாட்டு நடுவுல நின்னுடுது."

"எந்தப் பாட்டு?"

"எல்லாப் பாட்டும்."

டீச்சர் கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார்.

"இப்படியே போனா இந்த ஆல்பம் மட்டும் போகாது டீச்சர்," என்றான் மதி. "நானே போயிடுவேன். இனிமே பாடவே மாட்டேன்னு தோணுது. பயமா இருக்கு."

"அந்த ஹெட்போன்ல அப்படி என்னதான் ஓடுது?"

அவன் முற்றத்தைப் பார்த்தான். சாக்கின் மேல் புளி காய்ந்துகொண்டிருந்தது.

"டிரம்ஸ்."

"இல்லைன்னு சொன்னீங்க."

"கேக்கறவங்களுக்கு இல்லை."

டீச்சர் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கே. ஊருக்கெல்லாம் பத்தியக் கஞ்சி, பாட்டுக்காரருக்கு மட்டும் உள்ள தனியா பிரியாணி."

மதி சிரிக்கவில்லை.

"வாசிச்சது யாரு?"

"ரெஜி."



ரெஜினால்டு, பெரம்பூர்க்காரன். மதியின் இசைக்குழுவில் முதல் நாளிலிருந்து டிரம்ஸ் வாசித்தவன். ஆல்பத்தில் இருக்கிற பாட்டு ஒவ்வொன்றும் அவன் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து உருட்டியது. மாதிரிக்காக அவன் டிரம்ஸை மட்டும் வாசித்துப் பதிந்து வைத்திருந்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை.

மதி குழுவைக் கலைத்தான். எளிமைக்குத் திரும்புகிறேன் என்று பேட்டி கொடுத்தான். எளிமையை நாலு பேர் பாராட்டி எழுதினார்கள்.

"அவர் போனதைப் பேப்பர்ல பார்த்தேன்," என்றார் டீச்சர். "அதுக்கப்புறமும் நீங்க இங்க வந்தீங்க. அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை."

"நீங்க கேக்கலையே."

"தொண்டை வலின்னு வந்தீங்க. தொண்டையைப் பார்த்தேன்."



டீச்சர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "கித்தாரை எடுங்க. அந்தப் பிரியாணியையும் காதுல மாட்டிக்கோங்க. பாடுங்க."

"இப்பவா?"

"புளி காயறதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

அவன் எழுந்து நின்றான். ஹெட்போனின் வயரைச் செல்போனில் செருகினான். கண்ணை மூடினான். காதுக்குள் ரெஜி குச்சியோடு குச்சியைத் தட்டினான். மதியின் தோள் தானாக இறங்கியது. மூச்சு சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

பாடினான். நன்றாகத்தான் பாடினான்.

முதல் சரணம் முடிந்து இரண்டாவதில் கால் வைத்திருப்பான். டீச்சர் எழுந்து வந்தார். செல்போனிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

மதி கண்ணைத் திறந்தான். டீச்சர் கையால் மேலே போகச் சொன்னார். விரல்களுக்குப் பாட்டுத் தெரியும். போயின.

*ஈரக் குடையை மடிக்காதே*
*இன்னும் ஒருத்தன் வரணும்*

அதோடு நின்றது. கை, கம்பிகளுக்கு மேலே அப்படியே அந்தரத்தில் நின்றது.

மரத்தில் மைனா ஒன்று கத்தியது. சாலையில் ஒரு லாரி போயிற்று.

"என்னாச்சு?"

"இங்க அவன் டிரம்ஸ்ல ஒரு உருட்டு உருட்டுவான்."

"உருட்டி முடிச்சுட்டார்னு வச்சுக்கோங்க. அப்புறம்?"

"அப்புறம் நான் அடுத்த வரிக்குள்ள போகணும்."

"போங்களேன்."

"எப்பன்னு தெரியலை."

"எண்ணிக்கிட்டுப் போங்க."

"நான் எண்ணினதே இல்லை டீச்சர்." அவன் குரல் இறங்கியது. "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட எண்ணினது கிடையாது. அவன்தான் எண்ணுவான். உருட்டி முடிச்சுட்டு, குச்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு என்னைப் பார்த்து 'போடா'ம்பான். அதைக் கேட்டாத்தான் நான் போவேன்."

"அதுவும் இதுல பதிஞ்சிருக்கா?"

"இருக்கு."

"எல்லாப் பாட்டுலயுமா?"

"எல்லாத்துலயும்."

டீச்சர் அவன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, வயரோடு சுருட்டி, திரும்பப் போய் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டார்.

"திரும்பப் பாடுங்க."

பாடினான். அதே இடம். அதே மாதிரி நின்றான்.

"அங்க எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியாது. அவனுக்குத்தான் தெரியும்."

"அப்போ நில்லுங்க."

மதி நின்றான்.

முதலில் சும்மாதான் இருந்தது. அப்புறம் கால் அரித்தது. அப்புறம் கோபம் வந்தது. இத்தனை தூரம் வந்தது இப்படி மரம் மாதிரி நிற்பதற்கா? கித்தாரை உறையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தான். நினைத்தானே ஒழிய, கால் நகரவில்லை.

அப்புறம் கோபமும் போயிற்று. அது போன இடத்தில் ஒன்றுமே இல்லை. குச்சிச் சத்தம் இல்லை, உருட்டு இல்லை. ரெஜி செத்ததற்குப் பிறகு ஒரு நாள்கூட அவன் இந்தச் சத்தமில்லாத இடத்தில் நின்றதில்லை. படுக்கும்போதும் ஹெட்போன். ரயிலிலும் ஹெட்போன். அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்துத்தான் அதைக் காதிலிருந்து எடுத்தான். வெளியே வந்ததும் மாட்டிக்கொண்டான்.

"கடைசியா அவனைப் பார்த்தப்பவும் அதையேதான் சொன்னான்," என்றான். டீச்சர் கேட்காமலே.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில. அன்னிக்கு சாயங்காலம் எங்களுக்கு ஷோ. நான் போகலை, இங்கேயே இருக்கேன்னு சொன்னேன். மூக்குல குழாய். பேச முடியலை அவனால. குழாயைப் பிடிச்சுக்கிட்டே, டிக்கெட் வாங்கினவன் கல்லால அடிப்பான், போடாங்கறான். சிரிப்பு வேற."

"போனீங்களா?"

"போனேன். வேற ஆளை வச்சு வாசிச்சோம்."

"அவர்?"

"நான் பாடிக்கிட்டு இருக்கும்போது போயிட்டான்."



டீச்சர் மடியில் இருந்த வயரைப் பார்த்தார்.

"அவர் போகச் சொன்னார். நீங்க போனீங்க."

"ஆமா டீச்சர். எப்பவும் அப்படித்தான். அவன் சொல்லுவான், நான் போவேன்."

"அவரை நீங்க போகச் சொன்னீங்களா?"

மதி அவரைப் பார்த்தான்.

கித்தாரைச் சரிசெய்துகொண்டான். யாரும் சொல்லாமலே முதலிலிருந்து ஆரம்பித்தான். காதில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை தாளம் கொஞ்சம் தள்ளாடியது. ஒரு வரி முன்னால் ஓடியது, ஒரு வரி பின்தங்கியது. சீக்கிரமே அந்த வரி வந்துவிட்டது. இன்னும் ஒருத்தன் வரணும் என்று பாடி நிறுத்தினான்.

நின்றான்.

வெயில் சாக்கை விட்டு நகர்ந்து மரத்தடிக்குப் போயிற்று.

ரயிலடியில் வழியனுப்ப வந்தவன், வண்டி கிளம்பிய பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பானே, அந்த மாதிரி அவன் முகம் இருந்தது. கம்பியை விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பிளாட்பாரம் முடிந்துவிடும்.

"போடா," என்றான்.

சத்தமாகச் சொல்லவில்லை. மைக் இருந்திருந்தால்கூட விழுந்திருக்காது.

அடுத்த வரி வரவில்லை. கித்தாரோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. ஒரு தாளத்துக்கும் அடங்காமல் குலுங்கியது.

ஜெசிந்தா டீச்சர் அரிவாள்மனையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, அடுத்த புளியை எடுத்தார்.