ராஜாவின் இடுப்புக் கச்சை

வெண்ணாவல்கோட்டையை ஆண்ட வீரகேசரி மகாராஜாவுக்கு உடம்பை வளர்ப்பதில் கொள்ளை ஆசை. விடிந்தால் தண்டால், கர்லாக்கட்டை, அப்புறம் கல் தூக்குவது. எல்லாக் கல்லையும் தூக்கிவிட்டார். ஒரே ஒரு உருண்டைக் கல் மட்டும் மூன்று மாதமாக அவருக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. முழங்கால் வரை வரும். அதற்குமேல் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

ஒருநாள் அரண்மனைப் பயில்வான் அங்கமுத்து, நாலு விரல் அகலத்தில் ஒரு தோல் கச்சை கொண்டுவந்தான்.

"மகாராஜா, இதை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். மூச்சை நன்றாக இழுத்து, வயிற்றை இதன்மேல் முட்டுக்கொடுத்துத் தூக்குங்கள்."

ராஜா அப்படியே செய்தார். கல் தோளுக்கு வந்துவிட்டது! கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஆரவாரம் செய்தார்கள்.

அதோடு விட்டாரா? ராஜா கச்சையைக் கழற்றவே இல்லை. அதைக் கட்டிக்கொண்டே நடந்தார். கட்டிக்கொண்டே சபையில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஓலைநாயகம் திருமேனிநாதரைக் கூப்பிட்டார். அரசாணைகளை எல்லாம் எழுதுகிறவர் அவர்தான்.

"எழுதும்! நம் நாட்டில் யார் எந்த எடையைத் தூக்கினாலும், கச்சையை இறுகக் கட்டித்தான் தூக்க வேண்டும். மீறினால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும்."

திருமேனிநாதர் எழுத்தாணியை நிறுத்தினார். "எந்த எடை என்று ஒரு வரி சேர்க்கலாமே, மகாராஜா?"

பக்கத்தில் நின்ற அங்கமுத்து முந்திக்கொண்டான். "ராஜா வாக்கில் திருத்தமா? ஓலைநாயகத்துக்கு எவ்வளவு துணிச்சல்!"

"சொன்னதை மட்டும் எழுதும்" என்றார் ராஜா. திருமேனிநாதரும் அப்படியே எழுதிவிட்டார்.

நாலே நாளில் அங்கமுத்துவின் ஆட்கள் பூவாயியைப் பிடித்துக்கொண்டுவந்தார்கள். களஞ்சியத்தில் நெல்லுக்கூடை தூக்குகிறவள் அவள். கச்சை இல்லாமல் தூக்கியது குற்றம். ராஜா தன் ஆணையை மீற முடியுமா? பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

திருமேனிநாதர் அவளைத் தனியே பார்த்தார். "கட்டித்தான் தொலையேன், தாயி. ஏன் வம்பு?"

"கட்டிப் பார்த்தேனய்யா. ஒரு நாளைக்கு நூறு தடவை குனிந்து நிமிர்கிறேன். குனிந்தால் விலாவைக் குத்துகிறது, நிமிர்ந்தால் மூச்சு முட்டுகிறது. என் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எந்த ஊருக்கு நான் போவேன்?" என்று அவள் அழுதாள்.

உச்சிப்பொழுது. ராஜா சாப்பிட உட்கார்ந்தார். பெரிய வாழை இலை. சாம்பார், அவியல், நெய் மணக்கும் பருப்பு, ஒரு கிண்ணம் பாயசம். அங்கமுத்து விசிறிக்கொண்டிருந்தான். ராஜா கச்சையை மெல்லத் தளர்த்திவிட்டு முதல் கவளத்தை எடுத்தார்.

"நிறுத்துங்கள், மகாராஜா!"

வாசலில் திருமேனிநாதர். கையில் ஆணை ஓலை.

"என்ன ஐயா, எங்காவது தீப்பிடித்துவிட்டதா?"

"இல்லை மகாராஜா. 'யார் எந்த எடையைத் தூக்கினாலும்' என்று ஆணை. தாங்கள் கவளத்தைத் தூக்கிவிட்டீர்கள். கச்சையோ தளர்ந்திருக்கிறது. தாங்களும் பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் நாடு என்ன ஆகும்?"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சட்டம் எனக்கும்தான்! அங்கமுத்து, இறுக்கு!"

"எவ்வளவு இறுக்கட்டும், மகாராஜா?"

"கல் தூக்கியபோது இறுக்கினாயே, அவ்வளவு!"

இறுக்கினான். முதல் கவளம் உள்ளே போயிற்று. இரண்டாவது நெஞ்சில் நின்றது. மூன்றாவது போக இடமில்லை. விக்கல் வந்தது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கப் போனார்.

"கச்சை இன்னும் சற்று இறுகட்டும். செம்பு கவளத்தைவிடக் கனம்" என்றார் திருமேனிநாதர், மிகுந்த அக்கறையோடு.

ராஜாவின் முகம் தக்காளிப் பழமாயிற்று. எதிரே பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் கத்தினார்: "என்னய்யா இது! ஒரு பிடி சோறு என் கைக்கு ஒரு பாரமா?"

"இதையேதான் பூவாயியும் கேட்கிறாள், மகாராஜா. ஒரு கூடை நெல் அவள் கைக்கு ஒரு பாரமா?"

ராஜா விக்கலோடு அவரைப் பார்த்தார். அப்புறம் இலையைப் பார்த்தார். கச்சையை அவிழ்த்து அங்கமுத்துவின் கையில் போட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பூவாயியை வேலைக்குப் போகச் சொல்லுங்கள். ஓலைநாயகத்துக்கு ஒரு பட்டுச் சால்வை!"

அங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. திருமேனிநாதர் பக்கம் திரும்பினான். "அப்படியானால் கச்சை வீண் என்கிறீரா? அந்தக் கல்லைத் தூக்கியது பொய்யா?"

"யார் வீண் என்றது? அந்தக் கல்லுக்கு உன் கச்சை நல்ல துணை, தம்பி. ஆனால் தினமும் தூக்குகிற கனத்தை உடம்பே தாங்கிப் பழகட்டும். கட்டலாமா வேண்டாமா என்று கச்சையைக் கேட்காதே. கல்லைக் கேள்."

ஆணையைத் திருத்தி எழுதினார்கள். ராஜா பாயசத்தை முழுக்கக் குடித்து முடித்தார். ஆனாலும் கச்சைமேல் ஆசை விட்டபாடில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"திருமேனி, சபைக்கு மட்டுமாவது நான் அதைக் கட்டிக்கொண்டு வரலாமா? எவ்வளவு பெரிய ராஜ்யபாரம் தாங்குகிறேன்!"

திருமேனிநாதர் கைகட்டிப் பணிவாகச் சொன்னார்:

"வேண்டியதில்லை, மகாராஜா. அந்தப் பாரத்தின் அடியில் நாங்கள் நூறு பேர் தோள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தாங்கள் மேலே ஏறி உட்காராமல் இருந்தாலே போதும்."