முயல் தோட்டத்தில் காட்டுப்பன்றி

கோரைப்புல்லை நறுக்க நறுக்க அது ஏன் கூடிக்கொண்டே போகிறது, தெரியுமா கண்ணுங்களா?

காட்டுக் குளத்தின் மேல்கரையில் வெள்ளச்சி என்ற முயல் தட்டைப்பயறு போட்டிருந்தாள். பயறு நாலு இலை விடுவதற்குள் கோரை அவள் காது உயரம் நின்றது! தினமும் கறுக்கு கறுக்கென்று பல்லால் நறுக்கினாள். மறுநாளே தலை நீட்டும். மண்ணின் சத்தையெல்லாம் கோரை உறிஞ்ச, பயறு வெளிறிப் போனது. மிஞ்சியது ஒரு பிடி விதை. மழைக்காலத்தில் பிறக்கப்போகும் குட்டிகளுக்கு அதை நம்பித்தான் சாப்பாடு.

சித்திரை வெயிலில் ஒரு நாள் போய்ப் பார்த்தால், தோட்டம் தலைகீழாகக் கிடந்தது! முட்டியன் என்ற காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"அடேய் முட்டியா! உன் மூக்குல இடி விழ! என் தோட்டத்தைக் குட்டிச்சுவராக்கிட்டியே!"

"கத்தாதே தாயி! உன் பயறா இங்க இருக்கு, நான் திங்க? எல்லாம் கோரைக்கிழங்கு! நீ மேல நறுக்கிக்கிட்டே இருந்தே, இது கீழ கொழுத்துக்கிட்டே இருந்துச்சு."

வெள்ளச்சி எட்டிப் பார்த்தாள். மண்ணுக்குள் கருகருவென்று கிழங்குகள், மாலை கோத்த மாதிரி!

"இம்புட்டா! சரி, நகரு. இப்பவே மண்ணை நிரவி, தண்ணி விட்டு விதைச்சிடுறேன்."

"கெடுத்தே போ! ஈரம் பட்டா மிச்சக் கிழங்கும் முளைச்சிடும். மண்ணு கட்டி கட்டியா வெயில்ல காயட்டும். மழை விழுந்ததும் விதை."

மரத்திலிருந்த அணில் கெக்கலித்தது. "பன்னி பேச்சைக் கேட்டு எவ தோட்டம் விளைஞ்சிருக்கு? குட்டிகளுக்கு மண்ணாங்கட்டியா ஊட்டுவே?"

வெள்ளச்சி விதையை எண்ணிப் பார்த்தாள். இருப்பதே ஒரு பிடி விதை. ஆனால் கிழங்கைக் கண்ணால் பார்த்தாயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். வெயிலில் கிழங்குகள் சுக்காய்ச் சுருங்கின.

ஆடி மழை விழுந்தது. காய்ந்த கட்டிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. விதைத்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாய் எட்டிப் பார்த்த கோரையைக் கிழங்கோடு தோண்டி எறிந்தாள். தட்டைக்கொடி மண் தெரியாமல் படர்ந்தது. அந்த நிழலிலேயே மூன்று குட்டிகள் பிறந்து, இலையும் காயுமாய்த் தின்று உருண்டன.

வாய் நிறையக் காய்களோடும் வால் பிடித்த குட்டிகளோடும் வெள்ளச்சி முட்டியனைத் தேடிப் போய், காய்களை அவன் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன் அண்ணே. இதுக வயித்துல இருக்கிறது நீங்க போட்ட சோறு."

"வயிறு முட்டத் தின்னது நானு. நன்றியும் எனக்கேவா?" முட்டியனுக்கு வெட்கமாய்ப் போயிற்று.

ஆமாம் கண்ணுங்களா, மண்ணைப் பக்குவம் பண்ணாமல் களையை மட்டும் நறுக்கினால், களைதான் விளையும்!

வெள்ளச்சிக்கு அது நன்றாகவே புரிந்துவிட்டது. கிளம்பும்போது திரும்பிச் சொன்னாள்:

"அண்ணே, அடுத்த சித்திரைக்கும் மறக்காம வந்து, தோட்டத்தைக் குட்டிச்சுவராக்கிட்டுப் போங்க!"