அண்ணன் வீட்டுத் தூண்

தாணுலிங்கம் மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது, மனுஷன் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மடத்தில் சோறு பொங்குகிறவன். பசித்த முகத்தைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இலையைப் போட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நேரே சாமியம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயசு. சாமியம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் அவர் சீடர், அந்த அம்மாள்தான் குரு. ஞானத்துக்கு வயசு ஏது?

"அண்ணன் செத்துப்போனான் அம்மை."

"கேள்விப்பட்டேன். எத்தனை நாளாச்சு?"

"இன்னையோட ஒன்பது."

"துட்டி கேட்டீரா, போய் துக்கம் விசாரிச்சீரா?"

"இல்லை. பன்னிரண்டு வருஷமாப் பேச்சு கிடையாது. சுடுகாட்டுக்கும் போகல்ல. அவனைத் தூக்கிட்டுப் போகையிலே நான் பஸ் ஸ்டாண்டிலே உக்காந்திருந்தேன்."

"இப்போ என்ன வேணும்?"

"ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவன் என்னை வெறுத்துக்கிட்டேதான் செத்தானா? அது தெரியாம எனக்குச் சோறு இறங்கமாட்டேங்கு."

சாமியம்மா குடையை எடுத்தாள்.

"எங்கே அம்மை?"

"துட்டி கேக்க."

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போனேன்.

அண்ணன் தம்பி இரண்டுபேரும் பாகம் பிரித்த அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடைத்தெருவில் எல்லாரும் அதை மரவீடு என்பார்கள். தூண், உத்தரம், மச்சு, ஏணிப்படி எல்லாமே அயினி மரம். இரும்பாணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மர ஆணி. இவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டன் கட்டியது. மச்சைத் தாங்கும் நடு உத்தரம் வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மரம். மலையிலிருந்து வண்டியில் கொண்டுவந்தபோது தெருமுக்கில் திரும்பவில்லையாம். முக்குவீட்டுச் சுவரை இடித்து, மரத்தைக் கொண்டுபோனபிறகு அவர்களுக்குப் புதுச்சுவர் கட்டிக்கொடுத்தார்களாம். அப்பேர்ப்பட்ட மரம்.

பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்புவதென்று முடிவானது. உத்தரம் இரண்டு பங்கிலும் கிடக்கிறது. என் பங்கு மரம் எனக்குத் தனியாக வேண்டும் என்று தம்பி நின்றார்.

"மரத்துக்கு என்னடே தெரியும், கிழக்குப் பங்கு மேற்குப் பங்கு? விட்டுரு," என்றாராம் அண்ணன்.

தம்பி கேட்கவில்லை. ஆசாரியோ, "மரம் அறுப்பேன், வீட்டை அறுக்கமாட்டேன்" என்று அறுப்புவாளைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். தாணுலிங்கம் முட்டுக்கொடுத்துத் தன் கையாலேயே அறுத்தார். கோபம் வந்தால் மனுஷனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வருமோ! அறுத்த இடத்துக்குக் கீழே சுவர் எழும்பியது; ஒற்றைச் செங்கல், மச்சின் பாரம் தாங்காது. முட்டுக்கட்டையும் எடுத்தாயிற்று.

வழியில் சாமியம்மா கேட்டாள், "அறுத்தபிறகு உம்ம பக்கம் எப்படி நிக்கி?"

"மூணே நாள்ல என் தலையிலே விழும்னு ஊரே சொல்லிச்சு அம்மை. ஒரு ஓடு நகரல்ல. ஒரு தூண்கூட நான் நிறுத்தல்ல." அந்தத் துக்கத்திலும் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

துக்கவீட்டில் வாங்க என்று சொல்லக்கூடாது. அண்ணன் மனைவி செண்பகவடிவு சொல்லவும் இல்லை. தாணுலிங்கத்தைப் பார்த்தாள். பாயை விரித்தாள். அவ்வளவுதான்.

உள்ளே போகும் வழியில், நடுச்சுவரை ஒட்டி, ஒரு தூண் நின்றது. பாகம் பிரித்த வீடு, நடை குறுகல். ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடிந்தது. என் வயிறு மாட்டிக்கொண்டது.

"இது எப்போ வந்தது?" என்று கேட்டார் தாணுலிங்கம். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு மைனியிடம் பேசின முதல் பேச்சு அது.

"சுவர் கட்டின வாரமே. நீங்க திருச்செந்தூர் போயிருந்தீங்க. ஆசாரியைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினாரு."

"வழியை அடைச்சுக்கிட்டா?"

"ஆமா. மகள் கல்யாணத்திலே பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் உள்ளே வந்தாங்க. அவரைத் தூக்கும்போதும் பாடை திரும்பல்ல. தூணை எடுத்திருவமான்னு கேட்டாங்க. பெரியவன் விடல்ல."

"ஏன்?"

"எடுத்தா சித்தப்பா மச்சு கீழே வந்திரும்னான். அப்பா சொல்லி வச்சிருக்காரு."

தாணுலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். தூணின் தலையில் கனமான ஒரு கட்டை. அதன்மேல் அண்ணன் பக்கத்து உத்தரம் உட்கார்ந்திருந்தது. கட்டை அதோடு நிற்கவில்லை. சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது.

"என் பக்கம் உத்தரத்துக்கு அடியிலே, சுவரிலே ஒரு கட்டை நீட்டிக்கிட்டிருக்கும்," என்றார் மெதுவாக. "கொத்தனார் விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன். சட்டையை அதிலேதான் மாட்டுவேன்."

தூணை ஒருதடவை தடவிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மைனி!"

"நானும் அதைத்தான் கேட்டேன். சொன்னா தாணு அதையும் அறுத்திருவான்னாரு."

பாவி மனுஷன். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதார். ஒன்பது நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. செண்பகவடிவு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். எனக்கும் தாங்கவில்லை.

ஒருவழியாக அழுகை ஓய்ந்தது.

"அம்மை, நான் ராமேஸ்வரம் போறேன். காசிக்கும் போறேன். எத்தனை பேருக்குச் சோறு போடணும்னாலும் போடுகேன். என் அண்ணன் ஆத்மா சாந்தி அடையணும். என்ன பரிகாரம்னு நீங்க சொல்லுங்க."

சாமியம்மா எழுந்து அந்தத் தூணைத் தொட்டாள்.

"ஆசாரிக்கு ஆள் அனுப்பும். உம்ம பக்கம் ஒரு தூண் நிறுத்தும்," என்றாள். "உம்ம அண்ணன் கையை எடுக்கட்டும்."